கூடையைக் கழித்தாயா?

ஜூன் 3

அக்கா,

இந்தப் பேனாவைத் தொட்டு எத்தனை காலமாகிறதோ, காகிதத்தின் ஓரத்தில் நாலு கிறுக்கு கிறுக்கிய பிறகுதான் மை இறங்கியது. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடைசியில் அத்தானிடம் சொல்லி அனுப்பினாய்: "போன்ல அவ குரல் கேட்டா அன்னைக்குச் சொன்னதும் சேர்ந்தே கேக்குது. ஏதாவது சொல்லணும்னா எழுதச் சொல்லுங்க." சரி, எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸின் வேனை ஓட்டுகிறவரே உனக்குப் புருஷனாகவும் வாய்த்திருக்கிறார். அவர் சரக்கு ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வரும் நாளெல்லாம் நமக்குத் தபால் நாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டால் நீ "பரவாயில்லை, விடு" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அந்தப் பரவாயில்லையோடு எல்லாம் முடிந்துவிடும், அதற்கப்புறம் நீ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாய். அதனால் நீ கோபமாகவே இரு. கோபம் இருக்கிற வரைக்கும் என்னை நினைத்துக்கொண்டாவது இருப்பாய்.

விஷயம் வேறு. பார்சலுக்கு ஐந்து நாளாக வெளியே போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி நீட்டியபோது, "எங்க கையெழுத்துப் போடணும்மா?" என்று நீ கேட்டாயே, அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். நாங்கள் வைத்த பெயரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. பிறந்த புதிதில் பால் குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டிருந்தவள். "இவளுக்கு வயிறே இல்ல, வாயிலேருந்து நேரா ஒரு குழாய்தான்" என்று நீயே சிரித்திருக்கிறாய். இப்போது அந்தக் குழாயை யாரோ அடைத்துவிட்டார்கள். முக்குகிறாள், முகம் தக்காளியாகிவிடுகிறது, இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு முனகுகிறாள். இதோ வந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். காற்று மட்டும் பிரியும், பெரிய மனுஷர் மாதிரி சத்தத்தோடு. பிறகு எதுவும் நடக்காததுபோல எங்களைப் பார்ப்பாள்.

உன் மாப்பிள்ளையைத்தான் நீ பார்க்க வேண்டும். ஊரில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் இறக்குகிற மெக்கானிக், சொந்த மகள் வயிற்றில் நிற்பதை இறக்க வழி தெரியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் காலையில் ஒரு யோசனை சொல்கிறார், மாலையில் ஒரு யோசனை சொல்கிறார். காலையில் நாலு சொட்டு விளக்கெண்ணெய். மாலையில் சோப்பைச் சீவிப் பின்னால் வைக்க வேண்டுமாம். "அதெல்லாம் வேணாம் டீச்சர்" என்று கதவைச் சாத்துகிறேன். சாத்தியதும், கொடுத்துத்தான் பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. நீ இங்கே இருந்திருந்தால் எனக்குக் கத்துவதற்காவது ஓர் ஆள் இருந்திருக்கும்.

என்ன செய்யட்டும், எழுது. ஒன்றும் தோன்றாவிட்டால் திட்டியாவது எழுது.

வாலு


ஜூன் 5

வாலு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது.

எண்ணெயும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். நாளைக் காலையில் முதல் வேலையாகக் குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாமல் யாருடைய யோசனையும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, என்னுடையதும்தான். என் யோசனைக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்றுதான் அன்றைக்கே தெரிந்துபோயிற்றே.

நீ எழுதாமல் தாண்டிப் போனதை நான் எழுதிவிடுகிறேன். பார்சல் வயிறு பிடித்துக்கொண்ட மாதிரி வீல் வீலென்று கத்தினாள், நான் ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். நீ ஸ்பூனைப் பிடுங்கி, "பெத்தவளுக்கு இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு?" என்றாய். ஒரு பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஓய்ந்தவளைப் பார்த்துக் கேட்டாய். அக்கம்பக்கத்தில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நன்றாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உனக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. டாக்டரிடம் அந்த ஸ்பூன் தண்ணீரைப் பற்றியும் சொல். அதனால்தான் அவள் வயிறு இப்படி ஆனதா என்று கேள். ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுது. கவுண்டரில் நின்று எடை போடும்போதெல்லாம் அந்த ஸ்பூன்தான் கண் முன்னால் நிற்கிறது. நேற்று ஒருவருடைய பெட்டிக்கு இரண்டு தடவை ரசீது போட்டுவிட்டேன்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் அத்தானைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா" என்கிறார். அவருக்கு எல்லாரும் நல்லாத்தான் இருப்பார்கள். வேன் டயர் வெடித்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

அக்கா


ஜூன் 8

அக்கா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். டாக்டரம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் எழுதுகிறேன்: "எப்பவோ குடுத்த ஒரு ஸ்பூன் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இனிமே குடுக்காதீங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், வெறும் தண்ணிகூட வேணாம். அதுக்காக, குடுத்தவங்களைத் தூக்குல போட்டுடாதீங்க." ஆக, தண்ணீர் கூடாது என்று நான் சொன்னதும் சரி, உன்னால் எதுவும் ஆகவில்லை என்பதும் சரி. அந்த ஸ்பூனைக் கண் முன்னாலிருந்து எடுத்து அலமாரியில் வை.

நான் பயந்துகொண்டே மேசையில் படுக்க வைத்தேன். உடுப்பைக் கழற்றிவிட்டு வயிற்றில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். "மெத்துனு இருக்கு" என்றார். பால் நன்றாகக் குடிக்கிறாளா, துணி நனைகிறதா, வாந்தி உண்டா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து எடை எப்படி ஏறியிருக்கிறது என்று அட்டையில் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். ஒன்றரை மாதம் தாண்டினால் தாய்ப்பால் குடிக்கிற சில குழந்தைகள் இப்படித்தானாம். பாலில் கழிவு கொஞ்சம்தான், எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்குமாம். எத்தனை நாள் கழித்து வந்தாலும் இளகலாக வந்தால் அதற்குப் பெயர் மலச்சிக்கலே இல்லையாம். "அப்புறம் ஏன் டாக்டர் இந்த முக்கு முக்குறா?" என்று கேட்டேன். "எங்க இறுக்கணும், எங்க தளர்த்தணும்னு இன்னும் அவளுக்குத் தெரியல. ரெண்டையும் ஒண்ணா செய்யறா. போகப் போகக் கத்துக்குவா" என்றார்.

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று எனக்கே இன்னும் தெரியவில்லையே, அக்கா.

பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாக உப்பினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, கெட்டியாகக் கட்டி கட்டியாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொண்டிருக்காமல் தூக்கி வரச் சொன்னார். மற்றபடி மருந்து எதுவும் இல்லை. காலைச் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், வயிற்றை வட்டமாக நீவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மாப்பிள்ளை அவளை மடியில் வைத்திருந்தார். வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கல்தான் காரணமோ என்னவோ, வேலைக்குப் போகிற சட்டை, பேன்ட், பக்கத்து சீட்காரர் பை எல்லாவற்றிலும் போய்விட்டாள். கடுகு நிறம், நல்ல இளகல். உன் மாப்பிள்ளை எழுந்து நின்று, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "கிரவுண்ட் ஃப்ளோர் வந்தாச்சு!" என்றார். பைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் நம்பரை எடுத்துவிட்டேன். கூப்பிடவில்லை, நீ சொன்னதற்காக. தூங்க வைக்க நீ நாக்கைத் தட்டித் தட்டிச் சத்தம் போடுவாயே, அதை நான் செய்தால் ஆள் மாறிவிட்டது என்பதுபோலப் பார்க்கிறாள். ஒரு தடவை வாயேன், அக்கா.

வாலு


ஜூன் 11

வாலு,

"கிரவுண்ட் ஃப்ளோர்" படித்துவிட்டுக் கவுண்டரிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே நின்ற அம்மாள், தான் அனுப்பும் பீங்கான் பொம்மையைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதை நாலு தடவை படித்தேன். அதற்கப்புறம்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். ஆபீஸுக்குப் புதுத் தராசு வந்துவிட்டதால் பழையதை மூலையில் போட்டிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டு வாங்கினேன். மேலே தட்டு, முன்னால் முள், அவ்வளவுதான். பழசானாலும் பொய் சொல்லாது. எடை ஏறுகிறதா என்று டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார்கள் அல்லவா, நீயும் வாரத்துக்கு ஒரு தடவை வைத்துப் பார். தினமும் தூக்கி வைக்காதே, பைத்தியம் பிடித்துவிடும். முதலில் போட்ட எடையை எனக்கு எழுது. எனக்கும் அவளைப் பற்றி ஏதாவது ஒன்று கையில் வேண்டும்.

வா என்கிறாய். வர மாட்டேன். இது கோபம் இல்லை. நான் அவளைத் தூக்கும்போது நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், கையைத்தான் பார்ப்பாய். கையில் ஸ்பூன் இருக்கிறதா, துணியில் எதையாவது மறைத்திருக்கிறேனா என்று பார்ப்பாய். வேண்டுமென்றே செய்ய மாட்டாய், உன்னை அறியாமல் கண் போகும். அதை என்னால் தாங்க முடியாது.

உன் அத்தானைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து, டீயைக் குடித்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு வருகிறார். "எவ்வளவு கனம் இருக்கா?" என்று கேட்டால் "ஒரு மிக்சி பார்சல் இருப்பா" என்கிறார். போன வாரம் அவர் சட்டையில் தோள்பக்கம் பால் கக்கின கறை. மற்ற துணியெல்லாம் துவைத்தேன். அந்தச் சட்டை மட்டும் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

ஆபீஸில் பெட்டியைத் தூக்கும்போது என் கை தானாகவே அடியில் ஒன்றும் தலைப்பக்கம் ஒன்றுமாகப் போகிறது. கூட வேலை செய்கிற பெண்கள் "என்னக்கா, முட்டையா?" என்று கிண்டல் செய்கிறார்கள்.

அக்கா


ஜூன் 20, சனிக்கிழமை

அக்கா,

அத்தான் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

அவளுக்கு எடை குறைந்துவிட்டது. கொஞ்சம் இல்லை, அறுநூறு கிராம்.

உன் தராசு வந்த அன்றைக்கு எடை போட்டேன். துணிக்கூடையில் துண்டைப் போட்டு அதில் அவளைப் படுக்க வைத்து, கூடையைத் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ நானூறு. உனக்கு எழுதலாம் என்றிருந்தேன், பால் கொடுப்பதும் துணி அலசுவதுமாக நாள் ஓடிவிட்டது. இன்றைக்குக் கூடை நிறைய அழுக்குத் துணி. சரி என்று தராசுத் தட்டிலேயே ஒரு மெல்லிய துணியை விரித்துப் படுக்க வைத்தேன். நாலு கிலோ எண்ணூறு. இறக்கி மறுபடி வைத்தேன். அதேதான். உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். அதேதான்.

இப்போது எல்லாம் புரிகிறது. பஸ்ஸில் போனதற்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் போனாள், அதுவும் கொஞ்சம். மறுபடி ஆறு நாளாக இல்லை. எல்லாம் உடம்பில் சேர்கிறது என்று டாக்டர் சொன்னார், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால்தானே சேர்வதற்கு! என்னிடம் பாலே இல்லை, அக்கா. இத்தனை நாளாக வெறும் மார்பை வாயில் வைத்து ஏமாற்றியிருக்கிறேன். பசியில்தான் முக்கியிருக்கிறாள், நான் காலைப் பிடித்துச் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.

டாக்டரம்மா ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார்களாம். உன் மாப்பிள்ளை போய்ப் பால் பவுடர் டின் வாங்கி வந்துவிட்டார். மேசை மேல் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி வரை பார்த்துவிட்டு, நாளைக் காலையிலிருந்து அதைக் கொடுத்துவிட்டு, நான் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். அவள் நன்றாக இருந்தால் போதும். பெற்றவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற மாதிரி உன்னிடம் பேசினேன், பார்.

வாலு


ஜூன் 20, மாலை

வாலு,

டின்னைத் திறக்காதே.

கூடையைக் கழித்தாயா?

முதல் தடவை கூடையோடு எடை போட்டிருக்கிறாய். இரண்டாவது தடவை கூடை இல்லாமல் போட்டிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாய். பெட்டிக்கும் சேர்த்துத்தான் எடை வரும் என்று தினமும் கவுண்டரில் ஊரோடு சண்டை போடுகிறேன், சொந்தத் தங்கைக்குத் தராசு அனுப்பும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நம் இரண்டு பேர் வீட்டிலும் ஒரே கூடைதான். ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று நீதானே என்னையும் இழுத்துக்கொண்டு போய் வாங்கினாய், அந்த நீலக் கூடை. உன் கடிதத்தைப் படித்ததும் என் கூடையிலிருந்த துணியைக் கட்டிலில் கொட்டிவிட்டு, துண்டோடு தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். ஷட்டரை இறக்கப் போனவரை நிறுத்திப் புதுத் தராசில் வைத்தேன். கூடையும் துண்டும் சேர்ந்து எண்ணூற்று ஐம்பது. அதைக் கழி. அன்றைக்கு அவள் நாலு கிலோ ஐந்நூற்று ஐம்பது, இன்றைக்கு நாலு கிலோ எண்ணூறு. ஏறியிருக்கிறாள், வாலு. கால் கிலோ ஏறியிருக்கிறாள். அத்தனையும் உன் பால். வேறு எங்கிருந்து வரும்?

என்னை நம்ப வேண்டாம். உன் கூடையைத் தனியாக வைத்துப் பார். பிறகு அவளோடு வைத்துப் பார். திங்கட்கிழமை டாக்டரிடமும் காட்டு. அவர்கள் சொன்ன அறிகுறி எதுவாவது தெரிந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஆனால் கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் பால் குடிக்கவில்லை என்றோ துணி நனையவில்லை என்றோ ஒரு வரி இல்லை.

உன் கடிதத்தை வாசலில் கொடுத்துவிட்டு வேனை நிறுத்தப் போன உன் அத்தான் இப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினார். திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு லீவு, வேனில் சரக்கும் இல்லை. இந்தக் கடிதம் மட்டும்தான் சரக்கு. வழியில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுப் போனாலும், விடிவதற்குள் உன் கதவைத் தட்டுவார். போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம், தெரிகிறது. மூன்று தடவை கையில் எடுத்தேன். நீ அழுகிற குரலைக் கேட்டால் நானும் அழுவேன், கணக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் படு.

அக்கா


ஜூன் 24

அக்கா,

திங்கட்கிழமை டாக்டரம்மாவும் அதே எடைதான் சொன்னார்கள். கூடைக் கதையைக் கேட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிச் சிரித்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்கிறோம். காற்று மட்டும் தாராளமாகப் போகிறது. டின்னை எதிர்வீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன், அது இப்போது அவர் வீட்டு டீயில் கரைகிறது. யோசனைகளும் குறைந்திருக்கின்றன.

அத்தான் அன்றைக்கு விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி, "கூடை" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கடிதத்தை நீட்டினார். நான் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நான் முடிக்கிற வரைக்கும் நின்றார். இப்படி ஒரு மனுஷரைப் போய் நாம் கேலி செய்கிறோம்.

அவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவார், அதற்குள் முடிக்க வேண்டும். மத்தியானம். அவள் இப்போதுதான் கண் அசந்தாள். கொடியில் துணி காய்கிறது, எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை யாராவது நிறுத்த வேண்டும். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அழுதால் நான்தான் தூக்குகிறேன், முக்கினால் நான்தான் கால் பிடிக்கிறேன். உன் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து வாங்கிக்கொள்கிறார், ஆனால் அவர் கையில் இருந்தாலும் எனக்குக் காது அங்கேயே இருக்கிறது. நீ இருந்த நாட்களில்தான் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். அதற்கப்புறம் சாத்தவில்லை.

தூக்கும்போது நான் உன் கையையே பார்ப்பேன் என்று எழுதியிருந்தாய். பார்ப்பதற்கு என் கண் திறந்திருந்தால்தானே, அக்கா? நீ வா, ஒரு மணி நேரம் அவளை வைத்துக்கொள், நான் எதையும் பார்க்க மாட்டேன். உன்னைக்கூடப் பார்க்க மாட்டேன். அப்படியே விழுந்து தூங்குவேன். அவளுக்காகக் கூப்பிடவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் நீ வேண்டும். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு கீழே இறங்குகிறது, நீ கோழி என்பாய், சொல்லிக்கொள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றுதானே தொடங்கினேன். கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் ஸ்பூனைப் பிடுங்கினபோது உன் முகம்


ஜூன் 25

வாலு,

இதை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உள்ளே தூங்குகிறாய். வாயைத் திறந்துகொண்டு, பள்ளிக்கூடக் காலத்தில் தூங்கினதுபோலவே.

நேற்று உன் அத்தான் கடிதத்தை நீட்டினார். கடைசி வரி பாதியில் நின்றது, உன் பெயரும் இல்லை. "என்னங்க இது?" என்றேன். "கதவு திறந்தே கிடந்துச்சு. எழுதிட்டே மேசையில தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. தபால் எடுக்கத்தானே போனேன், எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். "குழந்தை?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு." "வாலு?" அதற்கு அவருக்குப் பதில் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷருக்கு அந்தப் பதில் வராமல் போனதை நேற்றுத்தான் பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து, "நீ ஒரு நடை போயிட்டு வா" என்றார்.

காலையில் லீவு சொல்லிவிட்டு வேனில் முன்னால் உட்கார்ந்து வந்தேன், மடியில் யாருடைய கண்ணாடிச் சாமானோ. அவசரத்தில் ஆபீஸ் நீலக் கோட்டையே மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன், பாதி வழியில்தான் கவனித்தேன். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மாப்பிள்ளை குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், அவர் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்துக்காட்டி, உள்ளே கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் பார்சல் விழித்துக்கொண்டு தன் கையையே தின்றுகொண்டிருந்தாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளர்ந்துவிட்டாள், வாலு. கன்னம் வந்துவிட்டது. தூக்கலாமா கூடாதா என்று நிற்கும்போதே முனக ஆரம்பித்தாள். நீ கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாய். அந்தக் கைக்கு முன்னால் என் கை போய்விட்டது. என் கை உன் விரலில் பட்டது. "வச்சுக்க..." என்று பாதி வார்த்தையை முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாய். நான் என்று தெரிந்து சொன்னாயோ, அவர் என்று நினைத்துச் சொன்னாயோ. உன்னை எழுப்பிக் கேட்கப் போவதில்லை. எனக்குச் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

கூடத்துக்குத் தூக்கி வந்து மடியில் போட்டு நாக்கைத் தட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். காலை மெதுவாக மடக்கி நீட்டினேன். வயிற்றை நீவினேன். முகம் சிவந்தது, நீ எழுதின அதே தக்காளி. நானும் கூடவே முக்கினேன், வெட்கம் என்ன, யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு சத்தம். இத்தனை நாள் பாக்கியும் மொத்தமாக வந்து சேர்ந்தது. கோட்டு முழுக்க, என் மணிக்கட்டு வரைக்கும். கெட்டி இல்லை, கட்டி இல்லை, நல்ல இளகல். கையெழுத்துப் போட்டு வாங்க நான்தான் இருந்தேன். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இல்லை, காற்று என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

குளிப்பாட்டிவிட்டேன். எடையும் போட்டேன், கூடையைக் கழித்துத்தான். ஏறியிருக்கிறாள். கொடியிலிருந்த துணியை மடித்து வைத்தாயிற்று, என் கோட்டு அங்கே சொட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் பசிக்கத் தொடங்கும்வரை உன்னை எழுப்ப மாட்டேன். வாயில் எதுவும் வைக்கவில்லை. இதை நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், நானாகத்தான் சொல்கிறேன்.

பாதியில் நின்ற அந்த வரியை நீ முடிக்க வேண்டாம். பரவாயில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. வலித்தது, இன்னும் வலிக்கிறது. வலியோடுதான் மூன்று மாடி ஏறி வந்தேன், வந்தது நல்லதாகப் போயிற்று. மேனேஜர் இரண்டு நாள்தான் லீவு கொடுத்தார். ஒரு வாரம் என்று உன் அத்தானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆபீஸில் என்ன சொல்வாரோ, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வருவார்.

எழுந்ததும் இதற்குப் பதில் எழுத உட்காராதே. எனக்கு இனி கடிதம் வேண்டாம். தூக்கத்தில் முணுமுணுத்ததைக் கழித்தால், உன் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அடுக்களையில்தான் இருக்கிறேன், அவள் என் தோளில் இருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு தடவை அக்கா என்று கூப்பிடு.